"நஞ்சு விழுந்துருச்சுங்களா?": கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியைக் கவனிக்கும் முறை

கட்டுத்தரையில் மாடு கன்று போட்டால், எட்டிப் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது "நஞ்சு விழுந்துருச்சுங்களா?" என்றுதான். விழுந்ததை நாய் இழுத்துப் போகாமல் வைக்கோலோடு சாக்கில் கட்டி, பால் மரம் என்று ஆலங்கிளையில் தொங்கவிடும் வழக்கம் கொங்கு ஊர்களில் இன்னும் போய்விடவில்லை. அரை நாள் தாண்டியும் விழாவிட்டால் கால்நடை டாக்டருக்குப் போன் போய்விடும். அதே வீட்டு மருமகள் மாசமாக இருக்கும்போது ஒன்பது மாதமும் பேச்சு பிள்ளையைப் பற்றித்தான். அந்தப் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் வடிகாலுமாக இருக்கிற நஞ்சுக்கொடியைப் பற்றி, பிரசவ அறையில் ரத்தம் நிற்காத நேரம் வரைக்கும் ஒருவரும் கேட்பதில்லை.

எந்த வாரத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தச் சீட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே இருக்கிறது. மருந்து அளவுகள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காக. மெடிக்கலில் வாங்கித் தானே போட்டுக்கொள்வதற்கு இல்லை.

மாட்டு நஞ்சும் மனுச நஞ்சும்

மாட்டின் நஞ்சு கருப்பையில் பொத்தான் பொத்தானாக 70 முதல் 120 இடங்களில் ஒட்டியிருக்கும். தாயின் ரத்தக்குழாய்ச் சுவர் உடையாது. இரண்டு ரத்தத்துக்கும் நடுவே பல அடுக்குகள் உண்டு. அதனால் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குள் போவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

மனித நஞ்சு அவ்வளவு ஒதுங்கி நிற்காது. கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றின் வாயை அகலத் திறந்துவிடும். தாயின் ரத்தம் குளமாக வந்து நிற்க, நஞ்சின் விரலிகள் வேர்போல அதற்குள் தொங்கும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 600 முதல் 700 மி.லி. ரத்தம் கருப்பைக்கு ஓடுகிறது. விரலிகளை எல்லாம் விரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்குக் குறையாது, ஒரு சின்ன அறையின் தரை. பிள்ளையின் ரத்தம் விரலிக்கு உள்ளே, தாயின் ரத்தம் வெளியே. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது அதுவரைக்கும் சரி. ஆனால் நடுவில் இருக்கும் சவ்வு கடைசி மாதங்களில் சில மைக்ரான் தடிமன்தான். அது கசியும்.

கசிந்து தாயின் ரத்தத்துக்கு வருவது ஒரே பொருள் இல்லை. நஞ்சின் மேல்தோல் செல்கள் உதிர்ந்து வரும். கர்ப்பகால வலிப்பில் இறந்த தாய்மாரின் நுரையீரலில் இவற்றை 1893-லேயே கியோர்க் ஷ்மோர்ல் என்ற ஜெர்மன் நோயியலாளர் கண்டு எழுதினார். பிள்ளையின் வெள்ளணுக்களும் தண்டணுக்களும் வரும். மி.லி.க்கு ஒன்றிரண்டுதான், ஆனால் வந்தது தங்கிவிடும். ஆண்பிள்ளை பெற்று 27 ஆண்டு ஆன பெண்ணின் ரத்தத்திலும் ஒய் குரோமோசோம் உள்ள செல்கள் இருப்பதை 1996-ல் டயானா பியாஞ்சியின் குழு காட்டியது. எதிர்த்திசையிலும் போகும்: தாயின் செல் பிள்ளைக்குள் போய்ப் பெரியவரான பிறகும் இருக்கும். ஆக, மாசமாக இருக்கும் பெண்ணின் உடம்பில் அவள் அம்மாவின் செல்லும் வயிற்றுப் பிள்ளையின் செல்லும் ஒரே சமயத்தில் இருக்கலாம். இந்தத் தங்கிய செல்கள் காயம் ஆற்றுகின்றனவா, நோயை வளர்க்கின்றனவா என்பது இன்னும் ஆய்வகத்து வழக்கு. அதற்கென்று கர்ப்பிணி எடுக்கவேண்டிய டெஸ்ட் ஒன்றும் இல்லை. விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, பிள்ளையின் சிவப்பணுக்கள். ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குத் தலைவலி இவற்றால்தான். நான்காவது, செல்லாகக்கூட இல்லாமல் பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகள். இவற்றை 1997-ல் டென்னிஸ் லோ குழு கண்டுபிடித்தது. பெயர் பிள்ளையின் டி.என்.ஏ. என்றாலும், பெரும்பாலும் நஞ்சின் செல் உடைந்து வருவது. பிரசவமானதும் மணிக்கணக்கில் குறைந்து, ஓரிரு நாளில் போய்விடும். முன்பு பெற்ற பிள்ளையின் செல் பல வருடம் தங்கும், டி.என்.ஏ. துணுக்கு தங்காது. ரத்தத்தில் செல்லைத் தேடிய டெஸ்ட்டுகள் பின்தங்கி, துணுக்கைத் தேடும் டெஸ்ட் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் தேதி

இனி வரும் எல்லாக் கணக்கும் வாரத்தில் நிற்பதால் வாரம் தப்பினால் எல்லாம் தப்பும். "வைகாசிப் பொங்கலுக்கு முன்னாடி தலைக்குத் தண்ணி ஊத்துனேன்" என்பது போதாது. கடைசி மாதவிடாயின் முதல் நாளை இங்கிலீஷ் தேதியாக எழுதிவையுங்கள். 7 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனில் பிள்ளையின் தலை முதல் பிட்டம் வரையான நீளம் எடுக்க வேண்டும். 9 வாரத்துக்கு மேல் எடுத்த ஸ்கேனும் உங்கள் தேதியும் 7 நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதிதான் கணக்கு. அதன்பின் ஏழாம் மாத ஸ்கேனில் வேறு பிரசவத் தேதி போட்டுக் கொடுத்தாலும் மாற்றாதீர்கள். பிள்ளை சிறுத்திருப்பதால் தேதி தள்ளிப்போனதுபோல் தெரியும். தேதியை மாற்றினால் வளர்ச்சிக் குறைவு சீட்டிலிருந்தே மறைந்துவிடும். நஞ்சு விஷயத்தில் நடக்கும் தவறுகளில் அதிகம் நடப்பதும், சத்தமில்லாமல் நடப்பதும் இதுதான்.

12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் பதியலாம், பதிய வேண்டும்.

ஆர்.எச். நெகட்டிவ் என்றால்

முதல் விசிட்டில் ரத்த குரூப் பார்ப்பார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணத்தில் குரூப்பை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் கல்யாணத்தை நிறுத்த அது காரணம் ஆகாது. ஒரு ஊசியில் முடிகிற விஷயம். தாய் நெகட்டிவ் என்றால் அன்றைக்கே கணவரின் குரூப்பும் பார்க்க வேண்டும். அவரும் நெகட்டிவ் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அவர் "பாசிட்டிவ்னுதான் நினைக்கிறேனுங்க" என்றால் அது கணக்கில் வராது. சீட்டு வேண்டும்.

கணவர் பாசிட்டிவ் என்றால் பிள்ளையும் பாசிட்டிவாக இருக்கலாம். அதன் சிவப்பணு தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்புப் புரதம் தயார் செய்யும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் அதிகம் கலப்பது பிரசவ நேரத்தில். அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின்போது அந்தப் புரதம் நஞ்சைக் கடந்து உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். மனித நஞ்சு எதிர்ப்புப் புரதத்துக்கு வழிவிடும் என்பது நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே வாசல். சோகை, நீர் கோத்தல், கடும் மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே இறப்பு வரை போகும். தாயின் உடம்பில் இந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-ல் வந்த பிறகு இது தடுக்கக்கூடிய நோய். தாய் ஓ குரூப்பாகவும் பிள்ளை ஏ அல்லது பி ஆகவும் இருந்தால், கலந்த அணுக்களைத் தாயின் உடம்பு அடையாளம் பதிவதற்கு முன்பே உடைத்துவிடுவதால் ஆபத்து குறையும். குறையும், இல்லாமல் போகாது. அதை நம்பி ஊசியை விடக்கூடாது.

வரிசை இப்படி. முதல் விசிட்டில், தாயின் ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் மறைமுக கூம்ஸ் டெஸ்ட், சீட்டில் ஐ.சி.டி. என்று இருக்கும். நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தில் மறுபடி எடுத்து, ரத்தம் எடுத்த பிறகு அன்றைக்கே ஆன்டி-டி 300 மைக்ரோகிராம் தசையில் போட வேண்டும். ஊசியை முதலில் போட்டுவிட்டு ரத்தம் எடுத்தால், போட்ட மருந்தே டெஸ்ட்டில் பாசிட்டிவ் காட்டி எல்லோரையும் பயமுறுத்தும். பிரசவமானதும் தொப்புள்கொடி ரத்தத்தில் பிள்ளையின் குரூப், அதன் சிவப்பணுவில் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் நேரடி கூம்ஸ், காமாலை அளவைச் சொல்லும் பிலிருபின் பார்க்க வேண்டும். பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இன்னொரு 300 மைக்ரோகிராம். 72 மணி தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். 10 நாள் வரையிலும் போடுவதில் பலன் உண்டு. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெளியே வாங்கிவரச் சொன்னால் ஐஸ் பேக்கோடு கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவந்தால் மருந்து வீணாகும்.

நம் பக்கத்தில் இந்த வரிசை அறுகிற இடம் ஒன்று உண்டு. ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கொடுத்து, வளையல் போட்டு, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் 28-ஆம் வாரத்துக்கு எழுதிவைத்திருப்பார். அந்த வாரம் பெண் தாராபுரத்திலோ கோபியிலோ இருப்பாள். புது ஆஸ்பத்திரியில் "அங்கே போட்டிருப்பாங்க" என்று நினைப்பார்கள், பழைய ஆஸ்பத்திரியில் "இங்கே வரவே இல்லையே" என்பார்கள். கட்டுச்சோற்றுக்குத் தேதி குறிக்கும்போதே 28-ஆம் வாரம் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்து, ஊசி போட்ட பிறகு விருந்தை வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் ஃபைல் பெண்ணோடு போக வேண்டும், ஜெராக்ஸ் அல்ல, அசல். புது இடத்தில் முதல் வார்த்தை: "நெகட்டிவ் குரூப்புங்க, இருபத்தெட்டு வார ஐ.சி.டி.யும் ஆன்டி-டியும் இன்னும் ஆகலைங்க."

28 வாரத்துக்கும் பிரசவத்துக்கும் வெளியேயும் ஊசி வேண்டிவரும் நேரங்கள் உண்டு. கருச்சிதைவு, கருக்கலைப்பு, குழாயில் தங்கிய கர்ப்பம், பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தல், எந்த மாதத்திலும் ரத்தப்போக்கு, குறுக்கே கிடக்கும் பிள்ளையை வெளியிலிருந்து திருப்புதல், வயிற்றில் அடி. பைக்கின் பின் சீட்டிலிருந்து விழுந்து, "ஒன்னும் ஆகலைங்க, முட்டிதான் சிராய்ச்சுது" என்று வீட்டிலேயே மஞ்சள் பூசிக்கொள்ளும் பெண்ணுக்கும் இது பொருந்தும். 12 வாரத்துக்குள் 50 மைக்ரோகிராம் போதும். அந்தச் சின்ன அளவு கிடைக்காவிட்டால் 300-ஐயே போடுவார்கள், கெடுதல் இல்லை.

ஐ.சி.டி. பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், அது போட்ட ஊசியால் வந்ததில்லை என்றும் உறுதியானால், இனி ஆன்டி-டி போட்டுப் பயனில்லை. புரதத்தின் அளவை 1:4, 1:8, 1:16 என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். 1:16 வந்தால் பிள்ளையின் மூளைத் தமனியில் ரத்த ஓட்ட வேகத்தை டாப்ளரில் அளக்க வேண்டும். சோகை பிடித்த பிள்ளையின் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். அந்த வாரத்துக்கு இருக்கவேண்டிய நடு அளவைப் போல் ஒன்றரை மடங்கு தாண்டினால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். அது கோயம்புத்தூர் போன்ற பெரிய ஊரில் கரு மருத்துவம் பார்ப்பவரிடம் போகவேண்டிய கட்டம்.

எவ்வளவு கலந்தது என்று எண்ணிப் பார்ப்பது

300 மைக்ரோகிராம் குப்பி ஒன்று, கலந்த பிள்ளை ரத்தத்தில் 30 மி.லி.யை (சிவப்பணு மட்டும் என்றால் 15 மி.லி.யை) சமாளிக்கும். சாதாரணப் பிரசவத்தில் கலப்பது அதைவிட மிகக் குறைவு. நஞ்சைக் கையால் எடுக்கவேண்டி வந்தாலோ, நஞ்சு முன்கூட்டிப் பிரிந்தாலோ, வயிற்றில் பலமான அடி பட்டாலோ, பிறந்த பிள்ளை வெளிறிப் போயிருந்தாலோ எண்ணிப் பார்க்காமல் ஒரு குப்பியோடு விடக்கூடாது.

எண்ணும் முறை 1957-ல் வந்த க்ளைஹவர்-பெட்கே டெஸ்ட். நஞ்சு விழுந்து அரை மணி நேரத்துக்குப் பின், இரண்டு மணி நேரத்துக்குள், ஆன்டி-டி போடும் முன், ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் தாயின் ரத்தம் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடிச் சில்லில் மெல்லிய பூச்சாக இழுத்து, உலர்த்தி, 80 சதவீத எத்தனாலில் நிலைப்படுத்தி, 37 டிகிரியில் அமிலக் கரைசலில் முக்குவார்கள். பெரியவர்களின் ஹீமோகுளோபின் அமிலத்தில் கரைந்து வெளியேறிவிடும், பிள்ளையின் ஹீமோகுளோபின் நிற்கும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தாயின் அணுக்கள் வெறும் கூடாக, விளிம்பு மட்டும் தெரிய வெளிறிக் கிடக்கும். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிள்ளையின் அணு அடர் ரோஜா நிறத்தில் முழுதாக நிற்கும்.

2,000 அணுக்களில் 24 ரோஜா நிறம் என்றால் 1.2 சதவீதம். தாயின் மொத்த ரத்தம் 5,000 மி.லி. என்று வைத்தால் 60 மி.லி. கலந்திருக்கிறது. 30-ஆல் வகுத்தால் 2 குப்பி. எண்ணும்போது பிசகும் என்பதால் ஒன்று கூட்டி 3 போடுவது வழக்கம். 45 கிலோ பெண்ணுக்கு 5 லிட்டர் ரத்தம் இருக்காது, கணக்கு கொஞ்சம் தூக்கலாகத்தான் வரும். இந்த விஷயத்தில் தூக்கலாக இருப்பதே நல்லது.

டெஸ்ட் எங்கே ஏமாற்றும்? தாய்க்கே பிள்ளைப் பருவ ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தால் அவள் அணுவும் ரோஜா நிறம் காட்டும். தலசீமியா தன்மை (ட்ரெய்ட்) உள்ளவர்கள், நீலகிரி, அட்டப்பாடி மலைகளில் காணப்படும் அரிவாள் செல் தன்மை உள்ளவர்கள் விஷயத்தில் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு, அணுக்களை மெஷினில் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

டி.என்.ஏ. டெஸ்ட்: யாருக்கு, எப்போது, எப்படிக் கெடும்

என்.ஐ.பி.டி. என்று விளம்பரம் வருவது தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் நஞ்சின் டி.என்.ஏ.யை எண்ணி டவுன் நோய் போன்ற குரோமோசோம் கோளாறுகளுக்கான வாய்ப்பைச் சொல்லும் டெஸ்ட். 10 வாரம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் துணுக்கு போதாது. 10 முதல் 20 வாரத்தில் மொத்தத்தில் சுமார் 10 சதவீதம் நஞ்சுடையது. 4 சதவீதத்துக்குக் கீழே போனால் பல ஆய்வகங்கள் முடிவு தரமாட்டார்கள். உடல் எடை கூடக்கூட அந்த விகிதம் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறவர்களுக்கும் குறையலாம். முடிவு வராததை "ஒன்னுமில்லை" என்று எடுக்கக்கூடாது. நஞ்சு சிறுத்துப்போகும் சில குரோமோசோம் கோளாறுகளிலும் இப்படி ஆகும். ஒருமுறை திரும்ப எடுத்தும் வராவிட்டால் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

ரத்தம் எடுக்கும் குழாய் சாதாரண ஊதா மூடி இல்லை. வெள்ளணு உடையாமல் காக்கும் மருந்து போட்ட தனிக் குழாய். எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக்கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, வெயிலிலும் விடக்கூடாது. தாயின் வெள்ளணு உடைந்தால் அவளுடைய டி.என்.ஏ. கொட்டி நஞ்சின் பங்கு நீர்த்துவிடும். சனிக்கிழமை மதியம் ஈரோட்டில் எடுத்து, திங்கள்கிழமை வரை கூரியர் ஆபீசில் கிடந்த குழாய்க்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுங்கள்.

"ஹை ரிஸ்க்" என்று வந்தால் அதுவே தீர்ப்பு இல்லை. 25 வயதுப் பெண்கள் 10,000 பேரில் டவுன் நோய்ப் பிள்ளை சுமார் 10 பேருக்கு. 1,000-க்கு 1 என்று டெஸ்ட் தவறாகக் காட்டினாலும், 10,000-க்கு 10 பேர் தவறாக மாட்டுவார்கள். ஆக, பாசிட்டிவ் வந்த 20 பேரில் பாதிப் பேருக்குப் பிள்ளை நன்றாகவே இருக்கும். 40 வயதில் நோயே அதிகம் என்பதால் பாசிட்டிவ் பெரும்பாலும் உண்மை. போதாததற்கு, கோளாறு நஞ்சில் மட்டும் இருந்து பிள்ளையில் இல்லாமலும் போகும்; டெஸ்ட் பார்ப்பது நஞ்சைத்தானே. 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்யாமல் கருவைக் கலைக்க முடிவெடுக்கக்கூடாது.

இந்தத் துணுக்கில் ஒய் குரோமோசோமும் தெரியும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். கேட்பவருக்கு முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. "வெளியூர் லேப்ல சொல்லுவாங்களாம்" என்று மாமியார் வீட்டில் யாராவது கிளப்பினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

காசு குறைவு, வயதும் குறைவு என்றால் 11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள் கழுத்துத் தோல் அளவு ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் போதும். அந்தச் சீட்டில் பாப்-ஏ என்று ஓர் எண் இருக்கும். டவுன் நோய் ரிஸ்க் குறைவு என்று வந்ததும் அதை யாரும் பார்ப்பதில்லை. பாருங்கள். அது நஞ்சு சுரக்கும் புரதம். நடு அளவில் 0.4-க்குக் கீழே இருந்தால், குரோமோசோம் சரியாக இருந்தாலும் நஞ்சு வேர் ஊன்றுவதில் குறை என்று எடுத்து, ஏழாம் மாதத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேன் கேளுங்கள்.

நஞ்சு சரியாக ஊன்றாவிட்டால்

சுருள் தமனிகளை அகலமாக்கும் வேலை 20 வாரம் வாக்கில் முடிந்துவிடும். சரியாக நடக்காவிட்டால் அகன்ற வாய்க்காலுக்குப் பதில் இடுங்கிய குழாயில் ரத்தம் பீறிட்டு வரும். விரலிகள் அடிபடும், செல்கள் கூடுதலாக உதிரும், நஞ்சு சுரக்கும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். இதுதான் கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் வேர். ஷ்மோர்ல் நுரையீரலில் பார்த்தது இதன் உச்சம்.

நடந்த பிறகு சரிசெய்ய முடியாது, முன்கூட்டித் தடுக்கலாம். போன பிரசவத்தில் கொதிப்பு வந்தவர், ஏற்கெனவே கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் உள்ளவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்: இவர்களில் ஒருவர் என்றால் 12 வாரத்திலேயே "ஆஸ்பிரின் வேணுங்களா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். இரவில் 75 முதல் 150 மி.கி., 16 வாரத்துக்குள் தொடங்கி 36 வரை. 2017-ல் வெளியான பெரிய சோதனை 150 மி.கி. கொடுத்துப் பலன் கண்டது. 24-ஆம் வாரத்தில் ஞாபகம் வந்து தொடங்கினால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

பி.பி. பார்க்கும் விதத்தில் தவறு மலிந்து கிடக்கிறது. படியேறி வந்து, வரிசையில் நின்று, டீ குடித்த கையோடு நீட்டினால் வருவது பி.பி. இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, துணிக்கு மேல் கட்டாமல் எடுக்க வேண்டும். 140/90 ஒருமுறை வந்தால் நான்கு மணி நேரம் கழித்து மறுபடி. 160/110 என்றால் வீட்டுக்குப் போகிற பேச்சில்லை. கடுமையான தலைவலி, கண் மங்கல், வலது மேல் வயிற்று வலி, முகம் வீங்குதல், மூத்திரம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பி.பி. எண் எதுவானாலும் 108.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நாமக்கல் முட்டையும் பச்சைப்பயறும் முருங்கைக்கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது டப்பாப் பவுடர் தேவையில்லை. நான்காம் மாதத்திலிருந்து 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் உள்ள மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். கால்சியம் 500 மி.கி. இரண்டு வேளை. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது; இரண்டு மணி இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடோ ராகிக்களியோடோ போடாமல், படுக்கப்போகும்முன் எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். விறகடுப்புப் புகையும் கணவரின் பீடிப்புகையும் நஞ்சுக்கு எதிரி. அவர் வாசலில் நின்று பிடிப்பது போதாது.

டிஃபா ஸ்கேனும் ரத்தப்போக்கும்

18 முதல் 22 வாரத்தில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்க எடுக்கும் டிஃபா ஸ்கேன் சீட்டில் நஞ்சு எங்கே என்று ஒரு வரி இருக்கும். "லோ லையிங்", அதாவது நஞ்சு கீழே இருக்கிறது, என்று போட்டிருந்தால் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டியதில்லை. கருப்பை வளரும்போது பெரும்பாலும் மேலே ஏறிவிடும். உள்வாயிலிருந்து நஞ்சின் விளிம்பு எத்தனை மி.மீ. என்று எழுதி வாங்கி, 32 வாரத்தில் மறுபடி பாருங்கள். 20 மி.மீ.க்குக் குறைவாகவே இருந்தால் கவனம். முன்பு சிசேரியன் ஆகி, நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே அமர்ந்திருந்தால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் பெரிது. சின்ன நர்சிங்ஹோமில் தேதி வாங்காதீர்கள். ரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் இரவு பகலாக இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியோ, அவசரப் பிரசவம் பார்க்கும் சீமாங் மையமோ பாருங்கள்.

வலியில்லாமல் ரத்தம் போனால் நஞ்சு கீழே இருக்கலாம். ஸ்கேனில் இடம் தெரியாமல் உள்ளே விரல் விட்டுப் பார்க்கவிடக்கூடாது. வயிறு கல்லுப்போல இறுகி, வலியோடு ரத்தம் போனால் நஞ்சு பிரிகிறது. ரத்தம் வெளியே கொஞ்சமாகத் தெரிந்தாலும் உள்ளே தேங்கியிருக்கும். பஞ்சு வைத்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்கும் நேரமில்லை.

28 வாரத்துக்கு மேல் தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 வர வேண்டும். தறிச் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்கு அசைவு புலப்படாது. அதனால் எண்ணுவதற்கு வீட்டு நேரம் வேண்டும். குறைந்தால் அன்றைக்கே போங்கள். "சோடா குடிச்சாப் பிள்ளை அசையும்" என்று சோதித்துக்கொண்டிருக்காதீர்கள்.

பிரசவ மேசையில்

பிள்ளை வெளிவந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டால் நஞ்சு பெரும்பாலும் சில நிமிடங்களில் விழும். 30 நிமிடம் தாண்டினால் தங்கிவிட்டது என்று பொருள். மாட்டைப்போல அரை நாள் கணக்கு இங்கே இல்லை.

விழுந்ததை நேராகக் குப்பை வாளியில் போடவிடாதீர்கள். தட்டில் வைத்து, நீரில் அலசி, தாய்ப்பக்கம் மேலே தெரியப் பரப்ப வேண்டும். சிவந்த 15 முதல் 20 மடல்கள், இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எங்காவது பள்ளமாகப் பிய்ந்திருந்தால் அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பிள்ளைப் பக்கம் பாருங்கள்: ரத்தக்குழாய் ஒன்று விளிம்பு தாண்டி சவ்வில் ஓடி அறுந்து நின்றால், தனியாக ஒரு சின்ன மடல் உள்ளே தங்கியிருக்கலாம். கொடியைக் குறுக்கே வெட்டினால் சிறிய இரண்டு தமனியும் பெரிய ஒரு சிரையும் என மூன்று வாய். இரண்டுதான் என்றால் பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். நிறைமாத நஞ்சு சுமார் அரைக் கிலோ, 20 செ.மீ. அகலம், நடுவில் இரண்டரை செ.மீ. தடிமன். மணல்போல் நறநறக்கும் சுண்ணாம்புப் புள்ளிகள் பயப்படும் விஷயமில்லை. வெளிறிக் கெட்டிப்பட்ட பகுதிகள், தாய்ப்பக்கத்தில் ஒட்டிய பழைய ரத்தக்கட்டி, பச்சைக் கறை, துர்நாற்றம் இருந்தால் எழுதி வைக்க வேண்டும்.

பிள்ளை சிறுத்துப் பிறந்தாலோ, வயிற்றிலேயே இறந்திருந்தாலோ, கடும் கொதிப்பு இருந்தாலோ நஞ்சை 10 சதவீத ஃபார்மலினில் போட்டு நோயியல் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைக் கேட்க நாவெழாது. ஆனால் ஏன் நடந்தது என்று சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி அது, மறுநாள் கேட்டால் இருக்காது. குடும்பத்தில் ஒருவர், பெண்ணின் அண்ணனோ சித்தியோ, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

நெகட்டிவ் தாய் டிஸ்சார்ஜ் ஆகும்முன் சீட்டில் நான்கு விவரம் இருக்கிறதா பாருங்கள்: பிள்ளையின் குரூப், ஆன்டி-டி போட்ட தேதியும் நேரமும், அளவு, குப்பியின் பேட்ச் எண். அட்டையோடு வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை மாசமாகும்போது முதல் விசிட்டில் அதை நீட்டினால்தான், ஐ.சி.டி.யில் தெரிகிற புரதம் போட்ட ஊசியினுடையதா, உடம்பே தயார் செய்ததா என்று டாக்டரால் சொல்ல முடியும்.